பாஸ்வேர்ட் மாறிய மதியம்

“கார்டை வச்சுட்டு வெளியே போ!”

ஐடி தலைவர் கார்த்திகேசு போட்ட சத்தத்தில் பிரிவே திரும்பிப் பார்த்தது. சர்வர் அறையின் கதவு கார்டை ஹுமைரா மேசையில் வைத்தாள்.

மலேசியாவின் கிள்ளானில் உள்ள அந்த மருத்துவமனையில் அவள் வேலைக்குச் சேர்ந்தது போன மாதம்தான். வேலை இன்னும் கன்ஃபர்ம் ஆகவில்லை.

மருத்துவமனையின் மென்பொருள்கள் சர்வருக்குள் நுழைய ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஸ்வேர்ட் உண்டு. வருஷக்கணக்கில் யாரும் தொடாதவை. அவற்றைத் தானாகவே மாற்ற அவள் ஒரு ஸ்கிரிப்ட் புரோகிராம் எழுதியிருந்தாள். மதியம் அதை ஓடவிட்டாள். எல்லாம் மாறின. லேப் மென்பொருள் மட்டும் பழைய பாஸ்வேர்டையே திரும்பத் திரும்பப் போட்டு, லாக் ஆகி நின்றுவிட்டது.

உடனே ஐசியூ நர்ஸ் புனிதாவிடமிருந்து போன்.

“பிளட் ரிசல்ட் எதுவும் ஸ்கிரீன்ல வரல லா! இங்க ஒரு அங்கிளுக்கு ஹார்ட் பீட் தாறுமாறா ஓடுது. பொட்டாசியம் எவ்வளவுன்னு தெரியாம டாக்டர் ஊசி போட மாட்டேங்கறாரு!”

அதைக் கேட்டதும்தான் கார்த்திகேசு அவளை வெளியே போகச் சொன்னார். மேசையில் வைத்த கார்டிலிருந்து கையை எடுக்காமல் ஹுமைரா கெஞ்சினாள்.

“பாஸ், நானே சரி பண்ணிடறேன். புது பாஸ்வேர்டைப் போட்டு லேப் சர்வரை ரீஸ்டார்ட் பண்ணினா...”

“அது அரதப் பழசு. ரீஸ்டார்ட் பண்ணினா திரும்ப எழுந்திரிக்குமா?”

“தெ... தெரியாது பாஸ்.”

“அப்ப போ! லேப்ல ரிசல்ட்டைக் கையில வாங்கிட்டு ஐசியூவுக்கு ஓடு. இந்தப் பக்கம் தலையைக் காட்டாத.”

சர்வர் அறைக் கதவு அவள் முகத்துக்கு நேரே மூடிக்கொண்டது.

ஓடினாள். புனிதா ரிசல்ட்டைப் பறித்துக்கொண்டு உள்ளே போனாள். ஹுமைரா படிக்கட்டில் சரிந்து உட்கார்ந்தாள். எத்தனை பேர் முன்னால் விரட்டிவிட்டார்! வேலை போகட்டும். உள்ளே இருக்கும் அந்த மனுஷர்?

‘யா அல்லாஹ், அவருக்கு ஒண்ணும் ஆகிடக் கூடாது...’

வெகு நேரம் கழித்துப் புனிதா வெளியே வந்தாள்.

“அங்கிள் ஓகே. ஸ்கிரீனும் வந்துடுச்சு. டைரக்டர் உன்னை மீட்டிங் ரூமுக்குக் கூப்பிடறாங்க.”

போனாள். டைரக்டர் டாக்டர் அமுதவள்ளியின் எதிரில் கார்த்திகேசு நின்றுகொண்டிருந்தார்.

“அந்த ஸ்கிரிப்டை ஓடவிட்டது யாரு?”

“நான்தான் டாக்டர்.” ஹுமைராவின் குரல் உடைந்தது.

“ஓடவிடச் சொன்னது நான்,” என்றார் கார்த்திகேசு. “சரியா டெஸ்ட் பண்ணாம ஓகே சொன்னதும் நான்.”

“அந்தப் பழைய சர்வரை ரீஸ்டார்ட் பண்ணும்போது சர்வர் ரூம்ல யாரெல்லாம் இருந்தீங்க?”

“நான் மட்டும்தான்.”

“அது எழுந்திரிக்காம போயிருந்தா? மொத்த லேப்பும் படுத்திருக்கும். யார் தலை உருண்டிருக்கும் தெரியுமா?”

“தெரியும் டாக்டர். அதனாலதான் இந்தப் பிள்ளைய முதல்ல வெளியே விரட்டினேன்.”