காது பதிந்த இடம்

எச்ஐவிக்கான மாத்திரைகள் இளம்பரிதியின் கன்னங்களை ஒட்டவைத்து, கொழுப்பையெல்லாம் வயிற்றில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தன. பிள்ளையில்லாத அவன் மனைவி செவ்வந்தி தினமும் அந்தத் தொப்பையில் காதை வைத்து, “எத்தனை மாசம் உங்களுக்கு? உள்ள உதைக்குதே!” என்று சிரிப்பாள். அதே நோயில் அவள் போய்விட்டாள். தொப்பை இதயத்துக்கு ஆபத்து என்று டாக்டர் அவனை உடற்பயிற்சிக்கூடத்துக்கு அனுப்பினார். இன்று பயிற்சியாளர் அவன் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, “பாதி கரைஞ்சிருச்சு தம்பி. விடாம வந்தா சுத்தமா போயிடும்” என்றார்.

“கொஞ்சம் விட்டுவைக்க முடியாதாண்ணே?”

“தொப்பை வேணும்னு கேக்குற முத ஆளு நீதான்யா!” சிரித்தபடி அவர் இன்னும் கனமான டம்பெல்லை நீட்டினார். செவ்வந்தியின் காது பதிந்த இடத்தைப் பொத்தியிருந்த கையை இளம்பரிதி எடுக்கவில்லை.