மிதக்கும் முட்டை

எங்கள் பள்ளியில் தமிழும் கபடியும் சொல்லிக்கொடுத்த கண்ணுசாமி ஐயா, போன வாரம் மைதானத்திலேயே சரிந்து இறந்துபோனார். பயிற்சி முடிந்ததும் பிள்ளைகளுக்கு அவித்த முட்டை கொடுப்பார். அடுப்பில் வைக்கும் முன் ஒவ்வொன்றையும் வாளித் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார். மிதந்தால் கெட்டது. அதை வீச மாட்டார். கொண்டுவந்தவர் கையிலேயே திருப்பிக் கொடுப்பார்.

இன்று அஞ்சலிக் கூட்டம். தாளாளர் தன் பண்ணையில் விலைபோகாத உடைசல் முட்டைகளை அனுப்பி, 'ஐயா நினைவாக' என்று பேனரும் கட்டியிருந்தார். அதில் ஐயா முகத்தைவிட அவர் முகம் பெரிது. பார்க்கவே அருவருப்பாக இருந்தது. சமையலறையிலோ அழுகல் நாற்றம் வாசல்வரை அடித்தது.

"தண்ணியில உட்டுப் பாத்தீங்களாக்கா?" என்று சமையல் செய்யும் பொன்னாயி அக்காவைக் கேட்டேன்.

"எங்கீங்க டீச்சர் நேரம்? வந்ததை அப்படியே வேகப் போட்டுட்டனுங்க."

மூடியைத் திறந்தோம். பாதி முட்டைகளைக் காணோம். மிச்சம் இருந்தவை எல்லாம் நல்ல முட்டைகள். நாற்றமும் போயிருந்தது.

மேடையில் தாளாளர், "ஐயா எனக்குக் கூடப் பொறந்தவரு மாதிரிங்க" என்று சொல்லி முடித்து, கண்ணைத் துடைத்துவிட்டுக் கும்பிட்டார். குவித்த கைகளுக்குள் ஏதோ நொறுங்கியது. விரலிடுக்கில் கருப்பாக வழிந்து வெள்ளைச் சட்டைக்குள் இறங்கியது. அதிலிருந்து இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.