எஞ்சின் திறப்பு

கரையோரக் கடலில் சூடை மீன் கூட்டம் கறுத்துக் கிடந்தது. மீனவர் சங்கக் கந்தோரில் கணினி வேலை செய்ய மறுத்தது.

கரைவலையை யார் எந்த நாள் இழுப்பது என்ற முறைக்கு மன்னாரில் பாடு என்று பெயர். காற்றுக்கும் பெருநாளுக்கும் தவறிய நாட்களைக் கழித்து, இன்று யாருடைய பாடு என்று சொல்வது இரண்டு வருடமாகக் கணினிதான். அதற்கு முன் மனிதர்கள் சொன்னார்கள். கடைசியாகச் சொன்னபோது ஒருவர் தலையில் ஏழு தையல்.

மென்பொருளைச் செய்தது ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கணினி ஆசிரியர் நிறோஜன். இனாம், யாரும் பார்க்கலாம், திருத்தலாம். ஆனால், அது ஓடுவதற்கு வெளிநாட்டுக் கம்பனி ஒன்றின் அடித்தள மென்பொருள் வேண்டும். நேற்றுவரை அதுவும் இனாம். இன்று காலை, உரிமம் வாங்கினால்தான் ஓடும் என்று திரையில் எழுத்து வந்தது.

இன்று தன் பாடு என்றாள் றஞ்சிதம். தன்னுடையது என்றார் அந்தோனிமுத்து. றஞ்சிதத்தின் கணவன் பக்கத்து ஊரான முருங்கனில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பதினெட்டு நாளுக்கு ஒருமுறை வரும் பாட்டை நம்பித்தான் அவள் வீட்டில் உலை.

சங்கத் தலைவர் லோறன்ஸ் நிறோஜனுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டார்.

"மாஸ்டர், ஒண்டு கேக்கிறன். வள்ளத்தை ஊருக்கு இனாமாக் குடுத்திட்டு, எஞ்சினைப் பூட்டித் திறப்பை ஒருத்தன் தன்ர பொக்கற்றுக்குள்ள வைச்சிருந்தா, அது ஆரின்ர வள்ளம்?"

கந்தோர் சிரித்தது.

நிறோஜன் மறுக்கவில்லை. தான் கட்டியதைப் பார்த்தாராம், எதன்மேல் கட்டினோம் என்று பார்க்கவில்லையாம். எந்தக் கம்பனியின் பிடியிலும் இல்லாத வேறோர் அடித்தளத்துக்கு மாற்ற இரண்டு மணித்தியாலம் கேட்டார்.

அந்த இரண்டு மணித்தியாலமும் லோறன்ஸ் பேசினார். புயலில் ஊர் வலை போனபோது, தான் புது வலை வாங்கி ஊர்ப் பேருக்கே எழுதிக் கொடுத்ததையும், பங்குச் சுவாமி வந்து செபம் சொல்லி அதை மந்திரித்ததையும் நடுவில் இரண்டு தரம் சொன்னார்.

"குடுத்தா முழுசாக் குடுக்கோணும்."

எல்லாரும் தலையாட்டினார்கள்.

கணினி விழித்தது. இன்றைய பாடு றஞ்சிதம். அந்தோனிமுத்து முணுமுணுத்துவிட்டு ஒதுங்கினார். மீன் இன்னும் போகவில்லை.

ஊர் வலை கரை வாடிக் கொட்டிலில் இருந்தது. அதை இழுக்கும் கயிறு லோறன்ஸ் வீட்டு அறையில், பூட்டுக்குள். றஞ்சிதம் திறப்புக்குக் கை நீட்டினாள்.

லோறன்ஸ் பொக்கற்றுக்குள் கையை விட்டார். கை வெளியே வரவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மீனை என்ர லொறிக்குத்தானே விக்கிறாய், பிள்ளை? போனமுறை முருங்கன் வியாபாரிக்குக் குடுத்தனியாம். என்ர லொறிக்கெண்டாத்தான் கயிறு."

றஞ்சிதம் நீட்டிய கையை மடக்கவில்லை.

"அப்ப லோறன்ஸ் அண்ணை, அது ஆரின்ர வலை?"

இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. கந்தோர் முழுவதும் லோறன்ஸின் பொக்கற்றையே பார்த்துக்கொண்டிருந்தது.