கட்டிலுக்கு அடியில்

“இன்னைக்கும் உப்பிட்டா? எனக்கு பேடா, வேண்டாம் போம்மா!”

சோனியா தட்டைத் தள்ளிய வேகத்தில் உப்புமா பாதி மேஜையில், பாதி தரையில். கோபம் வந்தால் அவளுக்குக் கன்னடம்தான் முதலில் வரும்.

அந்த நேரம் பார்த்துத்தானா வாசலில் வந்து நிற்க வேண்டும், குழந்தைகள் நல அதிகாரி லவினா மேடம்?

சங்கமித்ரா அவசரமாகக் குனிந்து சிந்தியதை வழித்தெடுத்தாள்.

பத்து வயசு சோனியா ஒக்கலிபுரத்தில் உள்ள இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம். அதற்கு முன்னால் ஒரு விடுதி, இரண்டு வீடுகள். இங்கேயும் இதுவரை தற்காலிகமாகத்தான் விட்டிருக்கிறார்கள். இன்றைக்கு லவினா எழுதப்போகும் ரிப்போர்ட் நன்றாக இருந்தால்தான் தத்து. சட்டப்படி மகள். இல்லையென்றால்? அதை நினைக்கவே சங்கமித்ரா துணியவில்லை.

ஒரு வாரமாக என்ன பாடுபட்டாள்! ஜன்னலுக்குப் புதுத் திரை. வொயிட்ஃபீல்டில் கம்பெனி வண்டி ஓட்டும் புருஷன் ஆதிகேசவனுக்கு, லீவு போடச்சொல்லி உத்தரவு. எல்லாவற்றுக்கும் மேலே, சோனியாவின் கட்டிலுக்கு அடியில் தினமும் பெருக்கித் துடைத்தாள்.

அதற்குக் காரணம் இருக்கிறது. இதுவரை எட்டு தடவை வந்திருக்கிறார் லவினா. எட்டு தடவையும் குனிந்து கட்டிலுக்கு அடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார்.

“தூசி பாக்கறாங்க,” என்று முடிவுகட்டிவிட்டாள் சங்கமித்ரா.

இரண்டு நாளாக அந்த வேலையைச் சோனியாவே வலிய வந்து வாங்கிக்கொண்டாள். “அங்க நான் பெருக்கிக்கறேன். நீ உள்ள வராதே.” பெண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டதென்று சங்கமித்ரா பூரித்துப்போயிருந்தாள்.

அந்தப் பொறுப்பான பெண்தான் இப்போது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எட்டு தடவையும் கைகட்டி உட்கார்ந்து, “தேங்க்யூ மேடம், பரவால்ல மேடம்” என்று தங்கமாகப் பேசிய குழந்தை!

“தினமும் இப்படி இல்ல மேடம்,” என்று குழறினாள் சங்கமித்ரா.

“தினமும் இப்படித்தான்!” என்றாள் சோனியா. “தினமும் உப்பிட்டு. நேத்தே தோசை கேட்டேன்ல?”

“நான்தான் மேடம் மாவு வாங்க மறந்துட்டேன்,” என்று குறுக்கே புகுந்தார் ஆதிகேசவன்.

“அப்பா எப்பவும் மறப்பாரு. சொல்லிச் சொல்லி எனக்கு வாயே வலிக்குது.”

லவினா எழுதினார். ஒரு வார்த்தை விடாமல் எழுதினார்.

சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த எதிர்வீட்டுச் சந்திரம்மா, “ரொம்பத்தான் செல்லம் குடுத்துட்டே, சங்கமித்ரா. அனுபவி!” என்று தன் பங்குக்கு ஊதிவிட்டுப் போனாள்.

லவினா எழுந்து சோனியாவின் அறைக்குப் போனார். வழக்கம்போலக் குனிந்தார்.

“மியாவ்.”

சங்கமித்ராவும் ஆதிகேசவனும் ஓடிவருவதற்குள் சோனியா முந்திவந்து கட்டிலருகே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

லவினா மெதுவாக ஒரு பையை வெளியே இழுத்தார். சோனியா இந்த வீட்டுக்கு வந்த அன்று தோளில் மாட்டிக்கொண்டு வந்த நீலப் பை. உள்ளே ஒரு சாம்பல் பூனை. அதன் மடியில் கண் திறக்காத மூன்று குட்டிகள்.

“அட, மெத்தை என் யூனிஃபார்ம் சட்டை!” என்றார் ஆதிகேசவன்.

“ஐயோ மேடம், சத்தியமா எனக்குத் தெரியாது! பூனையை இப்பவே வெளிய விட்டுடறோம். பையைத் துவைச்சு, அவ துணியைப் பழையபடி அடுக்கி வெச்சிடறேன்,” என்று பதறினாள் சங்கமித்ரா.

“வேண்டாம்!”

லவினாவின் குரல் என்னமோ மாதிரி இருந்தது. ஃபைலைத் திறந்தார்.

“முதல் தடவை வந்தப்போ எழுதினது, கேளுங்க. ‘மரியாதையான குழந்தை. எதுவும் கேட்பதில்லை. துணியெல்லாம் பையில் அடுக்கி, கிளம்பத் தயாராகக் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.’ ரெண்டாவது தடவையும் இதே. எட்டு தடவையும் இதையேதான் எழுதியிருக்கேன், சங்கமித்ரா.”

“நீங்க தூசி பாக்கறீங்கன்னுல்ல நெனச்சேன்...”

“தூசியா?” லவினாவுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சோனியாவின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“உன் துணியெல்லாம் எங்கம்மா?”

“பீரோல. அம்மா புடவையை ஓரமா தள்ளிட்டு அடுக்கிட்டேன். குட்டிங்களுக்கு இடம் வேணும்ல?”

“சரி. நாளைக்கே நீ கிளம்பணும்னா, துணியை எதுல எடுத்துட்டுப் போவே?”



இத்தனை படித்தவர் இப்படியும் ஒரு கேள்வி கேட்பாரா என்பதுபோல மேடத்தை ஏற இறங்கப் பார்த்தாள் சோனியா.

“நான் எங்க போறேன்?” என்றாள். பிறகு திரும்பி, “அம்மா, அழுதுட்டே நிக்காதே. தோசை என்னாச்சு?”