கறுத்தக்கொழும்பான் வைத்த சொல்

மாப்பிள்ளைப் பொடியனின் போன் கிணுங்கியது. அவன் திரையைப் பார்த்தான், தன்னை மறந்து ஒரு சிரிப்புச் சிரித்தான், சட்டென்று போனைக் கவிழ்த்து வைத்தான். சம்பந்தத்தை முறிக்க சரீப் ஹாஜியாருக்கு அந்தச் சிரிப்பு ஒன்றே போதும்.

மகளுக்கு மாப்பிள்ளை கேட்டு நிந்தவூரிலிருந்து மருதமுனைக்கு வந்திருந்தார் ஹாஜியார். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் போய்க் கேட்க வேண்டும், அதுவும் முதல் தடவை ஆண்கள் மட்டும். துணைக்கு மச்சான் முகம்மது தம்பியைக் கூட்டி வந்திருந்தார்.

இதற்கு முன் வந்த சம்பந்தங்களை ஹாஜியார் முறித்த காரணங்களைக் கேட்டால் வயிறு எரியும். ஒருவன் சோற்றை அவசரமாகத் தின்றானாம். இன்னொருவன் கதைக்கும்போது காலாட்டினானாம். மகள் பஸ்மிலாவுக்கு இந்தப் பொடியனைப் பிடித்திருந்தது. இதையும் முறித்தால் இனித் தன்னிடம் கலியாணப் பேச்சே எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

காலையில் புறப்படும்போது மனைவி ஸுஹைறா வாசல்வரை வந்தாள். "வேலை, குடும்பம் எல்லாத்தையும் நீங்க கேளுங்க. குணத்த நான் விசாரிச்சிட்டன்" என்றாள். வீட்டை விட்டு அதிகம் வெளிக்கிடாதவள் யாரிடம் போய் விசாரித்தாள் என்று ஹாஜியார் கேட்கவில்லை. மனைவி சொல்வதைக் காதில் வாங்குகிற பழக்கம் அவருக்கு இருந்தால்தானே.

"என்ன மகன் போன்ல?" என்று முகம்மது தம்பி மெல்லத் தொடங்கினார்.

பொடியனின் பெயர் பஹ்மி, அரசாங்க உத்தியோகம். அவன் எதையும் மறைக்கவில்லை. சொல் கண்டுபிடிக்கிற விளையாட்டு என்றான். ஒருவர் ஒரு சொல்லை ஒளித்து அனுப்புவாராம், மற்றவர் எழுத்தெழுத்தாகப் போட்டுத் தேட வேண்டுமாம். சரியென்றால் கட்டம் பச்சை, பிழையென்றால் சாம்பல். சொல் வந்து கால் மணித்தியாலத்துக்குள் திறந்து தேடாவிட்டால் தோல்வி, அதுவரை விடாமல் வென்றதெல்லாம் பூச்சியம்.

பச்சையாம், சாம்பலாம்! இந்த மண்ணாங்கட்டிக்காகத்தான் ஊரில் பாதிப் பேர் குனிந்த தலை நிமிராமல் திரிகிறார்கள். கல்முனையில் பஸ் ஏறுகிறவன் காரைதீவில் இறங்க மறந்து, அக்கரைப்பற்றில் போய் முழிக்கிறான். கண்டுபிடித்த சொல்லைக் கொடுத்து ஒரு கட்டுக் கீரை வாங்க முடியுமா? முகநூலில் போட்டு, முடிந்தால் என்னோடு மோதுங்கள் என்று சவால்தான் விடலாம். பஹ்மியும் அப்படிச் சவால் விட்ட சூரன்தான்.

"அதுல அப்பிடி என்னதான் இரிக்கி?" என்று ஹாஜியார் கேட்டார். கேட்ட விதம், செருப்பில் ஒட்டியதைப் பற்றிக் கேட்பதுபோல இருந்தது.

"மண்டைக்குள்ள கிடக்கிற கரச்சல் கொஞ்ச நேரம் இல்லாமப் போகும் மாமா. சொல்லு புடிபட்டா ஒரு சந்தோசம்."

கூடாத பழக்கம்தான் என்றும் அவனே ஒப்புக்கொண்டான். ஒருநாள் அடுப்பிலிருந்த பாலைப் பொங்கவிட்டு உம்மாவிடம் ஏச்சு வாங்கினானாம். ஹாஜியார் அதையும் குற்றக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். உண்மையைச் சொன்னதை யார் கணக்கில் எடுக்கிறார்கள்?

யாரோடு விளையாடுகிறாய் என்றதற்கு, ஆளைத் தெரியாது, கறுத்தக்கொழும்பான் என்ற பெயரில் வருகிற ஒருவர் என்றான். அந்த ஆள் வைக்கிற சொல்லெல்லாம் லேசில் பிடிபடாத நஞ்சு என்று சொல்லும்போது மறுபடியும் அதே சிரிப்பு. மாம்பழத்துப் பெயருக்குள் ஒளிந்திருக்கிற ஒரு ஆள்! ஹாஜியார் தின்றுகொண்டிருந்த வட்டிலப்ப இனிப்பைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றி மேசையில் போட்டார். சரிவராது என்று ஒரே சொல்லில் முடித்தார். திரைச்சீலைக்குப் பின்னால் காத்துக்கொண்டிருந்த பஸ்மிலா அப்படியே தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.

என்ன குறை கண்டீர்கள் என்று ஸுஹைறா கேட்டாள். ஹாஜியார் ஒரே மூச்சில் கொட்டினார். மீசை வைத்த ஆம்பிளை சின்னப் பிள்ளைபோல எழுத்துப் பொறுக்குகிறானாம், அவன் நாளைக்கு எப்படிக் குடும்பம் நடத்துவானாம். கரம் பலகை விளையாட்டில் தோற்றதற்காக ஒரு பெருநாள் முழுக்க முகம்மது தம்பியோடு கதைக்காமல் இருந்த மனிதர்தான் இதைச் சொன்னார்.

ஸுஹைறா எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள். பிறகு, "போன் கிணுங்கினத்துக்குப் பொறகு அவன் அத எடுத்துத் தட்டினானா?" என்றாள்.

"இல்ல. கவுட்டு வெச்சிட்டான். கள்ளன் வேற என்ன செய்வான்?"

"நீங்க எழும்பி வாற வரைக்கும் தொடல்லயா?"

"தொடல்ல எண்டுதானே சொல்றன்."

ஸுஹைறாவின் முகம் மலர்ந்தது. அல்ஹம்துலில்லாஹ், வென்றதெல்லாம் போனாலும் போகட்டும் என்று பெரியவர்கள் முன்னால் இருந்திருக்கிறான் என்றாள். மகளைக் கூப்பிட்டு, அழுதது போதும், முகத்தைக் கழுவிவிட்டு வா, இவன்தான் உனக்கு மாப்பிள்ளை என்றாள்.

ஹாஜியார் கத்தினார். "உனக்கென்ன விசரா புள்ள? அந்தக் கறுத்தக்கொழும்பான் ஆம்பிளையே இல்ல. பொடியன் சிரிச்ச சிரிப்புக்கு அது கட்டாயம் ஒரு பொம்புளைதான்."

"ஓம், பொம்புளைதான். நீங்க அங்க இரிக்கிற நேரம் பாத்து அந்தச் சொல்ல அனுப்பினதே நான்தான்."