உங்கள் பெயர்?

எழிலரசி தான் எழுதிய முதல் புரோகிராமைக் கணவனுக்குக் காட்ட விரும்பினாள். சிவநேசனின் லேப்டாப்பில் அதற்கான மென்பொருள் இல்லை. எல்லாவற்றையும் ஒரே ஃபைலாகக் கட்டி அனுப்பினாள். திறந்ததும் எச்சரிக்கை வந்தது: 'இதைத் தயாரித்தவர் யாரென்று தெரியவில்லை.'

"வைரஸா இருக்கப்போவுது," என்றான்.

"நான்தாங்க தயாரிச்சேன். தைரியமா ஓட்டுங்க."

அரைமனதாக அழுத்தினான். 'உங்கள் பெயர்?' என்று கேட்டது.

"பேரெல்லாம் எதுக்குக் கேக்குது? உண்மையான பேரைக் குடுக்கமாட்டேன்பா."

எப்போதும் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித்தேடி அடிப்பவன் அவன். 'ரோஷன்' என்ற பெயருக்கு மட்டும் விரல்கள் எதையும் தேடவில்லை. எழிலரசி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையில் அவள் எழுதிவைத்திருந்த அடுத்த வரி வந்தது: 'வணக்கம், ரோஷன். உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள்.'

அவன் லேப்டாப்பை மூடப் போனான். அவள் அதன் மேல் கை வைத்தாள்.

"கேக்குதுல்ல? சொல்லுங்க, ரோஷன்."