குழந்தைச் சட்டைக் கடைக்குக் கறுப்பா?

“கறுப்புதான் வேணும். வேற கலருன்னா வெப்சைட்டே வேணாம்!”

சொல்லிவிட்டு முஹ்சினாவின் மாமியார் மெஹராஜ் வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டார்.

வெப்சைட் செய்துகொடுக்கச் சாணார்பட்டியிலிருந்து வந்திருந்த ஜீவிதா, முஹ்சினாவைப் பார்த்தாள். முஹ்சினா தரையைப் பார்த்தாள். மாமியாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி அவளுக்குப் பழக்கமில்லை.

பிறந்த குழந்தைகளுக்கு, நாடாவால் முடிச்சுப் போடுகிற ஜபலாச் சட்டை தைப்பாள் முஹ்சினா. கைக்குழந்தையான தன் மகளுக்குத் தைத்ததில் ஆரம்பித்தது. தெருவில் நாலு பேர் கேட்டு வாங்கினார்கள். ஊர் தாண்டி விற்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

“நோன்பு வரைக்கும் பாப்போம். ஓடலைன்னா மிஷினை யாருக்காச்சும் குடுத்துரணும்” என்று கணவன் இஷாக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்.

அதனால் இந்த வெப்சைட்டை அவள் அவ்வளவு நம்பியிருந்தாள். இளம் ரோஸ் கலரில் வெள்ளை எழுத்து என்று நினைத்து வைத்திருந்தாள்.

“வெள்ளை எழுத்து ரோஸ்ல முங்கிப் போகுதுக்கா” என்று ஜீவிதா எழுத்தை ஊதாவாக்கினாள். பஞ்சுமிட்டாய் மாதிரி இருந்தது. முஹ்சினா வாய்விட்டுச் சிரித்தாள்.

அப்போதுதான் மாமியார் எட்டிப் பார்த்துக் கறுப்பு என்றார். சிரிப்பு நின்றது.

“ஏம்மா, பச்சப்புள்ள துணிக்கு யாராச்சும் கறுப்பு வைப்பாகளா?” என்றான் இஷாக்.

“ஏலே, புள்ளைக்குக் கன்னத்துல என்ன கலர்ல பொட்டு வைக்கிறாக? ரோஸ்லயா?”

“வெயில்ல பாத்தா கறுப்புல ஒண்ணும் தெரியாதும்மா. பாக்குறவுக மூஞ்சிதான் தெரியும்.”

“பாத்துத் தலையைச் சீவிக்கட்டும். வேகாத வெயில்ல நின்னு எவ ஜபலா வாங்குறா?”

ஜீவிதா மெதுவாக, “பெரிய கம்பெனியெல்லாம் வெள்ளைதாம்மா வச்சிருக்காங்க” என்றாள்.

“அப்ப அவுகளுக்குப் போயி வெள்ளையில செய்யி, தாயி.”

பின்னணி கறுப்பானது.

கறுப்பில் சிவப்பு எழுத்து போட்டாள் ஜீவிதா. “கண்ணைக் குத்துது” என்றார் மெஹராஜ். வெள்ளை போட்டாள். “பளீர்னு அடிக்குது.” கடைசியில் வெளிர் சந்தனக் கலரில், கொஞ்சம் பெரிய எழுத்து. மெஹராஜ் போனை எட்டப் பிடித்துப் பார்த்தார். கிட்டப் பிடித்துப் பார்த்தார். முந்தானையைத் தலையோடு போர்த்திக்கொண்டு இருட்டுக்குள்ளேயும் பார்த்தார்.

“ம். இது இருக்கட்டும்.”

உறை மோர் வாங்க வந்த பக்கத்து வீட்டு நர்கீஸ் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்படியில் முஹ்சினாவின் காதைக் கடித்தாள்.

“மருமக சம்பாதிச்சு நிமிந்துட்டா தன் பேச்சு எடுபடாதுன்னு பயம்டி உன் மாமிக்கு. கடை ஓடக் கூடாதுன்னே செய்யிறாக.”

“அப்படியெல்லாம் இல்லக்கா” என்றாள் முஹ்சினா. ஆனாலும் அந்தப் பேச்சு நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து மாமியாரிடம் “என்ன வெஞ்சனம் வைக்க?” என்பதற்கு மேல் பேச்சில்லை.

கொஞ்ச நாள் ஆர்டர் ஒன்றும் வரவில்லை. இஷாக் மிஷினை ஒரு மாதிரிப் பார்க்க ஆரம்பித்தான்.

பிறகு வேடசந்தூரிலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. அப்புறம் கொடைரோடு. அப்புறம் தேனி, கரூர், பேர் தெரியாத ஊரெல்லாம். விடிந்து போனைப் பார்த்தால் இரண்டு மூன்று வந்து கிடக்கும்.

“கூரியர் ஆபீசுல என்னையப் பாத்தாலே ‘வாங்க ஜபலா பாய்’ங்கிறான்” என்று அலுத்துக்கொண்டான் இஷாக். அலுப்பில் பாதி பெருமை.

நோன்பும் வந்தது. மிஷினைக் கொடுக்கிற பேச்சை அவன் எடுக்கவில்லை. இன்னொரு மிஷினை எங்கே போடலாம் என்று ஹாலை முழம் போட்டுக்கொண்டிருந்தான்.

ஒரு நாள், முதல் ஆர்டர் போட்ட வேடசந்தூர் சுகன்யாவே போன் செய்தாள். முஹ்சினா துணி வெட்டிக்கொண்டிருந்ததால் இஷாக் ஸ்பீக்கரில் போட்டான்.

“அக்கா, இன்னும் ஆறு ஜபலா வேணும். ராத்திரி பாப்பாவுக்குப் பால் குடுக்கையிலதான் எனக்குப் போன் பாக்கவே நேரம். மத்த கடையைத் திறந்தா வெளிச்சம் மூஞ்சில அடிச்சு முழிச்சுக்கிட்டு வீல்னு கத்துவா. உங்க கடையை எம்புட்டு நேரம் பாத்தாலும் அசையவே மாட்டேங்கிறா. கைப்புள்ள வச்சிருக்கிற என் பிரெண்டுகளுக்கெல்லாம் அனுப்பிட்டேன்!”

போனை வைத்ததும் இஷாக் துள்ளினான்.

“எம்மா! பெரிய வியாபாரிம்மா நீ! வாங்குறவுக ராத்திரியில புள்ளையும் கையுமாத்தான் பாப்பாகன்னு அன்னைக்கே கணக்குப் போட்டுட்டியே!”

நிமிர்ந்து பார்க்க முடியாமல் முஹ்சினா கத்தரிக்கோலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போடா கூறுகெட்டவனே, வாங்குறவுகளை நான் என்னத்தக் கண்டேன்?” மெஹராஜ் பேத்தியைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். “உன் பொண்டாட்டி ராத்திரி பால் குடுக்கையில எல்லாம் ஆர்டர் வந்துருச்சா வந்துருச்சான்னு அந்தக் கடையையே தொறந்து தொறந்து பாப்பான்னு தெரியும். அந்த வெளிச்சத்துல புள்ளையும் முழிச்சுக்கிட்டா, இவ செத்த நேரம் கண்ணசர்றது எப்ப?”